ஹெட்டைக் கழற்றும் முன் மூடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்துவிட்டால் புதுச்சேரி–கடலூர் சாலையில், அரியாங்குப்பம், தவளக்குப்பம் பகுதிகளில் பானெட்டைத் திறந்து வைத்து ஓரமாக நிற்கும் கார்களை அடிக்கடி காண முடிகிறது. அவற்றில் சில, அடுத்த நாளே ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டது’ (என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு பழுது) என்ற தீர்ப்போடு ஏதேனும் ஒரு பணிமனையில் என்ஜின் பிரிக்கப்பட்டுக் கிடக்கின்றன. கடலூர் முதுநகரில் கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் அவசரப்பட்டுச் சொல்லப்படுகிறது என்பதை எழுதியே ஆக வேண்டும்.

வண்டி கொதிக்கிறது என்று ஒருவர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எப்போது கொதிக்கிறது என்பதைத்தான். நெரிசலில் ஊரும்போது சூடு காட்டும் முள் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டால் குறை பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேனில் இருக்கும்; ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை (என்ஜினைச் சுற்றிவரும் தண்ணீரை ஆற்றும் பாகம்) ஆற்றிவிடுவதால் ஃபேன் சுற்றாதது வெளியே தெரிவதில்லை. பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டாலே ஃபேன் சுற்றும். அப்போது சுற்றி, ஏசி இல்லாமல் சூடேறும்போது மட்டும் சுற்றவில்லையென்றால் ஃபேன் மோட்டாரை விட்டுவிட்டு, சூட்டை உணரும் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமெடுத்ததும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்), தெர்மோஸ்டாட் வால்வு (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவது) ஆகியவற்றின் மீதுதான் சந்தேகம் போக வேண்டும்.

யாரும் கவனிக்காத பொருள் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியன்று. அதன் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு பொறித்திருக்கும். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மூடி தாங்கிப் பிடிக்கும் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அந்த வித்தியாசம் போய்விடுகிறது. என்ஜினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே கூலன்ட் (என்ஜினை ஆற்றும் திரவம்) பொங்கி, ரேடியேட்டரோடு இணைந்த டப்பா வழியாக வெளியேறுகிறது. ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடும், மூடியின் நடுவில் உள்ள சிறிய வால்வு அடைத்துக்கொண்டாலும் கண்டுபிடிப்பது எளிது: இரவு முழுதும் ஆறிய வண்டியில், காலையில் மேல் ஹோஸ் சப்பையாக உள்ளிழுத்துக் கிடக்கும். சில நூறு ரூபாயில் மாற்றக்கூடிய இந்த மூடியைச் சோதிக்காமல் என்ஜினில் கை வைப்பது வண்டிக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. கூலன்ட் குறையும்போதெல்லாம் அதையே ஊற்றி வந்தால் உள்ளே உப்புப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். அலுமினிய பாகங்களை அந்த உப்பு அரிக்கவும் செய்யும். வெளியே தகட்டு மடிப்புகளை உப்புக்காற்று உதிர்க்கிறது. கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு, அது விற்கப்படும் கேனில் அச்சிட்டுள்ள விகிதத்தில்தான் கலக்க வேண்டும். சூட்டைக் குறைக்க தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறியும் பழக்கமும் நம் தொழிலில் இருக்கிறது. பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகி எரிபொருள் செலவு கூடும். அடைப்போ அப்படியே இருக்கும்.

ஹெட் கேஸ்கட் உண்மையிலேயே போவதும் உண்டு. வெளியே எங்கும் கசிவில்லாமல் கூலன்ட் குறைவது, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் படிவு, ஸ்டார்ட் செய்தவுடனேயே டப்பாவில் தொடர்ந்து குமிழி ஆகியவை அதன் அடையாளங்கள். முள் சிவப்புக்குப் போன பிறகும் ‘வீடு வரை போய்விடலாம்’ என்று ஓட்டுவதால்தான் பல ஹெட்டுகள் வளைகின்றன. வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். என்ஜின் நன்றாக ஆறும் வரை மூடியைத் திறக்கவோ பச்சைத் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.

சக மெக்கானிக்குகளிடம் ஒரு வேண்டுகோள். ரேடியேட்டர் வாயில் பொருத்தும் கைப்பம்பால் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் ஏற்றிக் கசிவைப் பார்க்கும் சோதனை) செய்யச் சில நிமிடங்கள் போதும். அதை வண்டிக்காரர் கண்ணெதிரே செய்து, பம்பின் அழுத்த முள் இறங்குகிறதா நிற்கிறதா என்று காட்டி, அந்த முடிவை ரசீதில் ஒரு வரியாக எழுதிக் கொடுத்த பிறகு ஹெட்டைக் கழற்றச் சம்மதம் கேளுங்கள். வண்டிக்காரர்களும் அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் பணிமனைத் தொழிலாளி ஒருவர்,
கடலூர் முதுநகர்.