நெரிசல் ஏரியில் இடத்தைவிட நேரம் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பாஸ் (ஒரு வகை நன்னீர் மீன்) பிடிக்கும் போட்டி பற்றிய கட்டுரை, படகுகள் மொய்க்கும் ஏரியில் ஜெயிக்க ‘யாரும் தொடாத இடத்தைத் தேடுங்கள்’ என்கிறது. அலபாமாவின் கன்டர்ஸ்வில் போன்ற ஏரியில் அந்தத் தேடலிலேயே பாதி நாள் போய்விடும். சுமார் 69,000 ஏக்கர் ஏரிதான்; ஆனால் இன்று நீருக்கடியில் மீன் இருப்பதைக் காட்டும் சோனார் கருவி இல்லாத போட்டிப் படகு ஏது? அங்கே நடந்த 2014 பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் போட்டியின் கடைசி நாளில் 11ஆம் இடத்திலிருந்த ராண்டி ஹோவெல், ஸ்பிரிங் கிரீக் பாலத்தடிக் கற்சரிவில் 29 பவுண்டுக்கு மேல் பிடித்துக் கோப்பையை வென்றார். அந்த வழியாகக் காரில் போகிறவர்கள் கண்ணிலும் படும் இடம் அது.

முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள். கோடையில் பெரிய மீன்கள் ஏரிக்கடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆற்றுப்பள்ளத்தின் விளிம்பில் கூடும். அணையில் மின்சாரத்துக்காக டர்பைன் ஓடும்போது அவை ஓட்டத்தை எதிர்த்து நின்று இரை எடுக்கும், நிறுத்தினால் கலைந்துவிடும். தண்ணீர் திறக்கும் நேரத்தை, அணையை நடத்தும் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் முன்கூட்டியே வெளியிடுகிறது. ஓட்டம் நின்றதும் பல படகுகள் கிளம்பிவிடும். அடுத்த திறப்புக்குக் கால் மணி நேரம் முன்பே அங்கே போய் நில்லுங்கள். ஓட்டம் வரும் திசையில் மேலே வீசி, தூண்டில் இரை ஓட்டத்தோடு இறங்கி வரும்படி இழுங்கள். சின்ன மீன்கள் அப்படித்தான் அடித்துக்கொண்டு வரும்.

அடுத்தது பாசி. நம் ஊர்க் குளங்களில் வளரும் ஹைட்ரில்லாதான் 1950களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக ஃப்ளோரிடா போய், தென் மாநிலங்களின் ஏரிகளில் பரவியது. பாசியின் ஓரத்தில் எல்லோரும் வீசுவார்கள். மேலே படர்ந்த மெத்தைக்கு அடியில் இறக்குகிறவர்கள் குறைவு. அதற்கு 65 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய) தூண்டில் நரம்பு, ஓர் அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு, கட்டை குட்டையான ரப்பர் இரை வேண்டும். குண்டுக்கு மேலே ரப்பர் ஸ்டாப்பர் போட மறந்தால் குண்டு மட்டும் துளைத்துக் கீழே போகும், இரை பாசிமேல் கிடக்கும். இங்கே பலர் கோட்டை விடுவது இதில்தான்.

ஏற்கெனவே நாலு படகு அடித்துப்போன இடமென்றால் எல்லாவற்றையும் சிறிதாக்குங்கள்: 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, கால் அவுன்ஸ் ஈயம், அதற்கு ஓரடி மேலே தூண்டில் முள், மெலிந்த ரப்பர் புழு. முந்தைய படகு கரைநோக்கி வீசியிருந்தால் நீங்கள் கரைக்கு இணையாக வீசுங்கள். மின்மோட்டாரை அடிக்கடி போட்டு நிறுத்தாதீர்கள். குறைந்த வேகத்தில் ஒரே சீராக ஓடட்டும்.

கட்டுரை தொடாமலே விட்டது, பிடித்த மீனை எடை பார்க்கும்வரை படகில் உயிரோடு வைக்கும் உயிர்த்தொட்டி. ஏரி நீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அதில் ஆக்சிஜன் குறைந்துவிடும். காற்றுப் பம்பை நிறுத்தவே கூடாது. குழாய்நீர் ஐஸில் குளோரின் இருக்கும் என்பதால் மூடிய பாட்டிலில் உறைய வைத்துத் தொட்டியில் போடுங்கள். தொட்டி நீர் ஏரி நீரைவிட 5 டிகிரி குளிர்ந்தால் போதும். சட்டென்று அதிகம் குளிர்ந்தால் அதுவே மீனுக்கு அதிர்ச்சி. பல போட்டிகளில் செத்த மீனுக்கு எடை கழிப்பார்கள், தாமதத்துக்கு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு போகும். அதைவிட, எடை பார்த்ததும் ஏரிக்கே திரும்ப வேண்டிய மீன் அது.

அடுத்த கட்டுரையில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹன்ட்ஸ்வில், அலபாமா