பாபிலோனுக்குப் போன கடிதம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகமாயிருக்கிறோம். அரூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மேட்டு வீட்டு வழக்கு அதே நிலையில்தான் இருக்கிறது. எழுதுவதற்கு ஊர்ச் செய்திகள் இன்னும் எத்தனையோ உண்டு, ஆனால் மனம் அவற்றில் நிற்கவில்லை.

நவம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வு முடிந்து வீடு திரும்பிய இரவு, "எழுதிவிட்டேன் அப்பா" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு போனில் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசுகிறாயே தவிர, அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை, இந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றும் நாளில் நீயே சொல். ஆனால் சித்தியிடம் ஒரு மணி நேரம் பேசுகிற நீ, அம்மாவிடம் ஐந்து நிமிடத்தில் போனை வைத்துவிடுவது அவளுக்கு மனத்தாங்கலாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அவளுக்கு நியாயம் செய்தவனாகமாட்டேன்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நான் பலமுறை படித்துவிட்டேன். ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் பணியில் தொடர முடியாது என்பது அதன் சாரம். நீ வேலைக்குச் சேர்ந்தது 2008இல். நம் மாநிலத்தில் அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்ததே 2012இல்தான். அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது என்றாலும், அதை நம்பி நீ புத்தகத்தை மூடிவைக்கிறவள் அல்ல என்று எனக்குத் தெரியும். சமூக அறிவியலின் 60 கேள்விகள் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. மீதி 90 கேள்விகள் தமிழ், ஆங்கிலம், குழந்தை வளர்ச்சி என்று பிரிந்து கிடக்கின்றன. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளியில் கணக்கெடுப்பு வேலை, இவற்றுக்கு நடுவில் பியாஜே, கோல்பர்க் என்கிற உளவியலாளர்களின் கோட்பாடுகளை மனப்பாடம் செய்கிறாய். தகப்பனாகப் பெருமைப்படுகிறேன். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் கண் விழிக்காதே. உறக்கமில்லாத மூளையில் எதுவும் தங்காது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தீர்ப்பு வந்த வாரத்தில் அம்மாவுடைய ஜெபக் குழுவில் ஒரு சகோதரி, "உங்கள் மகளுக்கு இந்த வருடமே ஜெயம், கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று சொன்னார்களாம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள், உனக்கும் சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை. உன் பேரில் அவிசுவாசத்தினால் அல்ல. புத்தாண்டு ஆராதனையில் உனக்காக நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது, நீயும் அதை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னாய். அந்த வசனத்தை அதற்கு முந்தின அதிகாரத்தோடு சேர்த்து வாசித்துப் பார். அனனியா என்கிற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லா ஜனங்களுக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷகாலத்திலே பாபிலோன் ராஜாவின் நுகம் முறியும், சிறைப்பட்டு அங்கே போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான். எரேமியா உடனே அவனை மறுக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றான். அவனுக்கும் அதுதான் ஆசை. ஆனால் கர்த்தர் அவனிடத்தில் சொன்னதோ எழுபது வருஷம்.

நீயும் நானும் ஆசையாய்ப் பற்றியிருக்கிற "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வார்த்தை, அந்த எழுபது வருஷத்தைச் சொன்ன கடிதத்துக்குள்ளேதான் இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி, எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் போன கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்டவர்களில் பெரியவர்கள் அநேகர் வீடு திரும்பவே இல்லை. அவர்களுக்குத்தான், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கர்த்தர் சொல்லி அனுப்பினார். ஆகையால் அந்தச் சகோதரியின் வார்த்தைக்கு நானும் ஆமென் என்றே சொல்கிறேன், முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் நீ தேர்ச்சி பெறுவாய் என்று கர்த்தரின் பேரால் உனக்கு உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை. தேர்வு எப்படிப் போனாலும் அவர் உன்னை நினைத்திருக்கிறார் என்று சொல்ல மட்டும் எனக்கு அதிகாரம் உண்டு.

பவுல் காவலில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதியதும் இப்படித்தான். விடுதலையா மரணமா என்று தெரியாத நிலையில், ஒன்றுக்கும் கவலைப்படாமல் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறான். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அந்த இடத்தில் அவன் சொல்லவில்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்றுதான் சொல்கிறான். காவலாளி நிற்கிற வீட்டுக்குள் பயம் வந்து குடியிருக்க முடியாது, மகளே. இதை எழுதுகிற எனக்கும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, உன் பெயரையும் உன் வீட்டுக் கடனையும் ஆண்டவரிடத்தில் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். சில இரவுகளில் மறுபடியும் எழுந்து இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறு பிள்ளையாய் இருந்தபோது டோனாவூர் தோட்டத்துக்கு உன்னை அழைத்துப்போனது நினைவிருக்கும். பெயர்க் கல் வைக்காத கல்லறையில் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டியைக் கண்டு, ஏன் என்று கேட்டாய். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிற மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் முதலில் புறப்பட்டது ஜப்பானுக்கு. ஜப்பானில் உடல் நலம் கெட்டது. இலங்கையில் சில காலம் இருந்தார்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்தபோதும் டோனாவூர் என்ற ஊர் அவர்கள் எண்ணத்தில் இல்லை. 1931இல் களக்காட்டில் குழியில் விழுந்த பின்பு, 1951இல் மரிக்கும் வரையில் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. எழுந்து நடக்க வேண்டும் என்று எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், அவர்கள் எழுந்து நடக்கவில்லை. ஆனாலும் அந்த அறையிலிருந்து புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த வாழ்க்கையில் சமாதானம் இருந்தது என்பதை நான் நம்புகிறேன், பலன் கண்ணுக்குத் தெரிந்தது என்பதற்காக அல்ல.

உன் பள்ளியில் மலை ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததைப் போன வருடம் சொன்னாயே, அதை நிறுத்தாதே. இந்தத் தேர்வு உன்னை எவ்வளவு அரித்தாலும், இன்றைக்கு உன் முன் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குரிய பாடத்தைக் குறைத்துவிடாதே. ஞாயிறு ஆராதனையை விடாதே. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல், தனியாகச் சுமக்காதே. பத்து மணிக்கு மேல் கண் விழிக்காதே.

வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி உனக்கு நிச்சயம் வருகிறது. அதையும் மறைக்காமல் யோசிப்போம். என் ஓய்வூதியம் இருக்கிறது, நம் வீட்டின் மேல்மாடி இருக்கிறது. பெரியப்பா வீட்டுக் காரியத்தில் நடந்ததைப்போல யாரிடத்திலும் கைநீட்டி நிற்க விடமாட்டேன். அந்த அளவுக்கு வராது என்று ஜெபிக்கிறோம். வந்தாலும் வாசல் திறந்திருக்கிறது.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்கூட்டியே வந்துவிடு. தேவைப்பட்டால் அந்தக் குழந்தை வளர்ச்சிப் புத்தகத்தையும் கொண்டு வா. காலையில் ஒரு மணி நேரம் நான் கேள்வி கேட்கிறேன், நீ பதில் சொல். அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை மாலையில் அம்மாவுக்குப் போன் செய்து நிதானமாகப் பேசு.

ஜெபத்துடன்,
உன் அப்பா