மக்கு உரத்தில் மக்காதவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கழிவிலிருந்து தயாரான மக்கு உரம் ஒரு மூட்டை வாங்கித் தொட்டியில் கொட்டிக் கிளறியபோது, எழுத்துகூட அழியாத பழ ஸ்டிக்கர் ஒன்றும், பாலித்தீன் பையின் கிழிந்த முனையும், நீல நிற இழைகள் சிலவும் கையில் அகப்பட்டன. முதல் இரண்டையும் பொறுக்கி எறிந்துவிடலாம். இழைகளை அப்படி எடுத்துவிட முடியாது. பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் இழைத் துணிகளிலிருந்து உதிரும் இவை, வீடு பெருக்கிய தூசியோடும் துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சோடும், 'தூசிதானே, மக்கிவிடும்' என்ற நம்பிக்கையில் ஈரக் கழிவுக் கூடைக்குள் போய்விடுகின்றன. தேயிலைப் பைகளும் அப்படித்தான்: காகிதம் போலத் தோன்றும் பலவற்றில் விளிம்பை ஒட்டப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் கலந்திருப்பதால், மற்றதெல்லாம் மக்கிய பிறகும் சல்லாத்துணி போன்ற கூடு மிஞ்சுகிறது.

சலித்தால் போயிற்று என்பார்கள். 10 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, 5 மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்பிளாஸ்டிக்கை எப்படித் தடுக்கும்? இழை நீளமானதாக இருந்தாலும் முனை திரும்பி நுழைந்துவிடும். போதாததற்கு, குவியலைப் புரட்டும் இயந்திரமே பெரிய துண்டைப் பல சிறு துண்டுகளாக்கிவிடுகிறது. 'மக்கும் பை' என்று அச்சிட்டு வருபவற்றில் பல, உரம் தயாரிக்கும் ஆலைகளின் குவியல்களில் எட்டப்படும் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. வீட்டுத் தொட்டியில் அவை நெடுநாள் அப்படியே கிடக்கும்.

ஆகவே, பிரித்தெடுக்க வேண்டிய இடம் கூடைதான். மூட்டையின் மேல் தழைச்சத்து, மணிச்சத்து அளவுகளை அச்சிடுவோர், உலர் எடையில் பிளாஸ்டிக் எத்தனை சதவீதம் என்பதையும் அச்சிடும்படி விதி வகுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்