சொகுசு என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் நிலாக் கட்டுரையில், "நடந்தே பார்த்திருக்கலாம், அமெரிக்கர்கள் சொகுசாகக் கார் ஓட்டினார்கள்" என்று ஒரு வரி. எழுதியவர் அங்கே நடந்து பார்த்துவிட்டு வந்தவர் போலிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14 வீரர்கள் ஷெப்பர்டும் மிட்செலும் கருவிகளைக் கைவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கோன் பள்ளத்தின் மேட்டில் ஏறினார்கள். மூச்சு வாங்கியது, வழியும் குழம்பியது. விளிம்பைப் பார்க்காமலே திரும்பினார்கள். மிச்சம் இருந்தது சுமார் 30 மீட்டர்தான். அதே ஆண்டு ஜூலையில் அப்போலோ 15 தான் முதன்முதலாக வண்டி கொண்டுபோனது. எடை 210 கிலோ, கம்பி வலைச் சக்கரம். 27 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது.

சொகுசு என்ற சொல் எனக்குப் பழக்கம்தான். கிராம சுகாதாரச் செவிலியராக ஒன்பது ஆண்டுகள் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்து நடந்தவள் நான். மொபெட் வாங்க முன்பணம் கேட்டதற்கு, "அம்மாவுக்குச் சொகுசு கேட்குதோ?" என்றார் ஓர் அதிகாரி. சரி, கடன் வாங்கி வாங்கினேன். அப்புறமும், வண்டி நின்றால் இருட்டுவதற்குள் நடந்து திரும்ப முடியுமா என்று பார்த்துத்தான் கிளம்புவேன். நிலாவிலும் இதே கணக்குதான். வண்டி பழுதானால், கையிருப்பு ஆக்சிஜன் தீர்வதற்குள் நடந்து கலத்துக்கு வந்து சேர வேண்டும். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

அப்போலோ 17-இல் சுத்தியல் பட்டு மட்கார்டு உடைந்தது. தூசி மேலே கொட்ட, வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டி, கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். என் மொபெட்டில் ரெக்சின் துண்டு. நல்ல சொகுசு!

போன வருடம் நம் நிலா வண்டி பிரக்யான் என்று சொல்லி, செவ்வாய் வண்டியின் படத்தைப் போட்டீர்கள். கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. அறிவியல் பக்கத்தைப் பாதியாக்கி ராசிபலனுக்குக் கொடுத்ததும் நீங்கள்தான். அந்த வாரம் என் ராசிக்கு 'வாகன யோகம்' என்று இருந்தது. முப்பது வருடம் முன்னால் போட்டிருக்கலாம்.

கட்டுரைப் படத்தின் கீழே 'ஆம்ஸ்ட்ராங் ஓட்டிய கார்' என்று இருக்கிறது. அப்போலோ 11-இல் வண்டியே கிடையாது. அதையாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தருமபுரி மாவட்டம்