நுண்ணறுவைப் பயிற்சிக்குக் கோழித்தொடை போதும்: மாவட்ட மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் பயிற்சிக் குழுவினருக்கும் வணக்கம்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சிறு இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தைக்கும் நுண்ணறுவைப் பயிற்சிக்கென்று விலை உயர்ந்த சிமுலேட்டர் (செயற்கைப் பயிற்சிக் கருவி) கேட்டு விண்ணப்பிக்கும் யோசனையைச் சற்றுத் தள்ளிவையுங்கள். 1 மி.மீ. தமனியைத் தைக்கக் கை பழக வேண்டிய பொருள்களில் பாதி நம் ஸ்டோரிலும் மீதி பாசாரிலும் இருக்கின்றன. செம்பனை அரிவாளில் விரல் துண்டானவருக்கு இங்கேயே ஒட்டிவிடலாம் என்று சொல்லவில்லை. அவரைப் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். நாளை அங்கே நிபுணராக நிற்கப் போகிறவர்கள் இன்று இங்கே பணியாற்றும் இளம் மருத்துவர்கள்.

தொடக்கம் ரப்பர் கையுறை. காலாவதியான கையுறையில் 5 செ.மீ. சதுரம் வெட்டி, அட்டையில் ஒட்டி, நடுவே 1 செ.மீ. கீறினால் போதும். இழுத்து ஒட்டினால் கீறல் வாய் பிளந்து தையல் கிழிக்கும். 9-0 நைலான் நூலில் தொடங்கி, அதைவிட மெல்லிய 10-0க்குப் போகலாம். ஊசியை முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். முனையருகே பிடித்தால் கூர் கெட்டுவிடும். நகை ஆசாரிகள் வைத்திருக்கும் 5-ஆம் எண் சாமணமே இதற்கும் ஏற்றது. அதில் காந்தம் ஏறினால் ஊசி ஒட்டிக்கொள்ளும், எளிதில் விலகாது. அது தெரியாமல் பலர் தம் கையைத்தான் குறை சொல்கிறார்கள்.

அடுத்தது கோழித்தொடை. துண்டு போடாத முழுத்தொடை என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், கத்தி விழுந்தால் தமனியும் போய்விடும். தொடை எலும்புக்குப் பின்புறம் தசைகளை விலக்கினால் தடித்த வெள்ளை நரம்பு தெரியும். தமனியும் சிரையும் அதன் துணையாக ஓடுகின்றன. நரம்பையும் வீணாக்காமல் அதன் உறையைத் தைத்துப் பழகலாம். தமனிக்குக் கீழே நீலப் பலூன் துண்டைச் செருகினால்தான் நூல் கண்ணுக்குப் படும். வெட்டிய விளிம்பில் தொங்கும் வெளிச்சவ்வை ஒதுக்கிவிட வேண்டும். நோயாளியின் தமனியில் அது உள்ளே போனால் இரத்தம் உறையும். முதல் இரண்டு தையலை 120 பாகை இடைவெளியில் போட்டால் பின்சுவர் தானே தொங்கி விலகும்.

கண் பிரிவில் காலாவதியாகும் 10-0 நூல்களை எறியாமல், 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒட்டி எங்களிடம் தாருங்கள். அவற்றில் பலவற்றோடு வருபவை பக்கவாட்டில் கூர்மையான தட்டை ஊசிகள். கையுறைக்குச் சரி, தமனியில் துளையை அகலமாக்கிக் கசியவிடும். தமனிக்கு வட்ட முனை ஊசி வேண்டும்.

தைத்தபின் 24 கேஜ் கேனுலா (மெல்லிய குழாய்) வழியாகச் சாயத் தண்ணீர் செலுத்திப் பார்க்கலாம். ரோஸ் சிராப் வேண்டாம், பிசுபிசுப்பில் சின்னக் கசிவு மறைந்துவிடும். தண்ணீர் ஓடியதாலேயே தேர்ச்சி என்று எழுதிவிடவும் கூடாது. தமனியை நீளவாக்கில் பிளந்து உள்ளே பாருங்கள்: பின்சுவரைச் சேர்த்துத் தைத்த நூலும் உள்நோக்கி மடிந்த விளிம்பும் அப்போதுதான் அகப்படும். செத்த தமனி சுருங்காது, அதில் இரத்தம் உறையாது. அந்தப் பாடம் பிறகு வேறிடத்தில்தான்.

செலவு என்று பார்த்தால் மைக்ரோஸ்கோப் ஒன்றுதான். இரு கண்ணாலும் ஆழம் தெரியப் பார்க்கும், பள்ளி உயிரியல் கூடத்து ஸ்டீரியோ வகை, 10 முதல் 20 மடங்கு, போதும். லென்சுக்கும் மேசைக்கும் இடையே பெரும்பாலும் 10 செ.மீ. தான் இருக்கும்; கருவி இடிக்கும். 0.5 துணை லென்ஸ் போட்டால் இடம் கூடும், பெரிதாக்கம் பாதியாகும். கைப்பேசிக் கேமரா முதல் வாரத்துக்கு உதவலாம், ஆனால் ஆழம் தெரியாது. ஊசி ரப்பரின் மேலே நிற்கிறதா உள்ளே இறங்கியதா என்றே புரியாது.

நாங்கள் கேட்பது: ஆபரேஷன் தியேட்டரைச் சேராத ஓர் அறை, கழுவத் தொட்டி, உணவு வைக்காத ஒரு குளிர்ப்பெட்டி, பணி அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரம். கோழி தொட்ட கருவி எதுவும் நோயாளியிடம் திரும்பாதபடி பிடியில் சிவப்பு நாடா சுற்றிவிடுவோம். தொடை வாங்கச் சில வெள்ளிதான். அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் பயிலும் இளம் மருத்துவர்களை வார்டுக்கு அழைக்காதீர்கள்.

இப்படிக்கு,
அறுவைப் பயிற்சியாளர்கள்