தலைச்சுமையை இறக்கிவைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை ஒட்டிய எங்கள் ஊர் மகளிர் குழுவின் சார்பில் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக எங்களில் யாரும் விறகுக்காக அந்தக் காட்டில் அரிவாள் வைக்கவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் நன்றி சொன்னால் கூச்சப்பட்டு நழுவிவிடுகிறார்கள். ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி, சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்கு. மழைக்காலத்தில் வண்டி எங்கள் தெருவுக்குள் வராது. நிரம்பிய சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதைத் தோளில் சுமந்து சேற்றில் நடந்துவந்து, ரெகுலேட்டரை மாட்டி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கேட்பான்.

ஏழைப் பெண்களுக்குக் கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016இலேயே வந்துவிட்டது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர் என்று எங்களில் பலருக்கு அது கைக்கு எட்டவில்லை. எழுத்தெழுத்தாகத் திருத்தி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த அங்கன்வாடி ஆசிரியைக்கு நன்றி.

இணைப்பு வாங்குவதைவிடக் கடினம், அடுத்த சிலிண்டருக்குக் காசு சேர்ப்பது. பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் அக்காமார்கள் எங்கள் குழுவில் உண்டு. தினம் 20 ரூபாயைத் தகர டப்பாவில் போடும் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள்தாம். காசில்லாத வீட்டுக்கு டப்பா கடன் கொடுக்கும். வட்டி இல்லை, வசவு உண்டு.

காட்டை அழித்ததே விறகு வெட்டும் பெண்கள்தாம் என்று கூட்டங்களில் பேசியவர்களுக்கு நன்றி கிடையாது. எங்கள் அரிவாளும் பங்கு கொண்டது, மறைக்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலம் முதல் 1970கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்தது யார்? அரசாங்கம்தானே? வெட்டிய இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பேறி, அங்கே கன்று பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சொன்ன வழியில், மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீரை ஏறி இறங்கவிட்ட பிறகே கண்டல் எனும் சதுப்புநில மரம் தழைத்தது. அந்தச் சேற்றில் மண்வெட்டி பிடித்த ஊர்க்காரர்களுக்குத் தாமதமான நன்றி. 2004 சுனாமி அன்று அலைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றது காடு.

விறகடுப்பு எல்லா வீட்டிலும் அணைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெந்நீருக்கு இன்னும் விறகுதான். ஆனால் அது சீமைக்கருவேலம். தன் கொல்லையில் வெட்டிக்கொள்ளச் சொன்ன பெரியவருக்கு நன்றி.

கடைசியாக என் மாமியார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த, இந்தக் காட்டில் வளரும் தில்லை மரத்தின் நச்சுப் பால் கண்ணில் தெறித்து, ஒரு வாரம் கண் திறக்க முடியாமல் கிடந்தவர். அப்படியும் கேஸ் அடுப்பில் வைத்த மீன்குழம்பை வாயில் வைக்க மாட்டார். ஆனால் முதல் சிலிண்டர் தீர்ந்து நான் கையைப் பிசைந்து நின்றபோது, மூக்குத்தியைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தவர் அவர்தான். டப்பாவில் சேர்ந்த முதல் காசில் அதைத்தான் மீட்டோம்.

இப்படிக்கு,
குழுவின் செயலாளர்