கேமராவுக்குத் தனி அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டேட்டா இன்ஜினியர் (தரவுகளைத் திரட்டிச் சீராக்கித் தருபவர்) வேலைக்கு ஆள் எடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் பலவும் முதல் சுற்றை வீட்டிலிருந்தபடியே எழுதும் ஆன்லைன் தேர்வாக வைக்கின்றன. தேர்வு முடியும்வரை மடிக்கணினியின் கேமராவும் மைக்கும் கண்காணிப்பு மென்பொருளின் பிடியில் இருக்கும். ஒற்றை அறை வீடுகள் நிறைந்த தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பகுதிகளில் இந்த ஏற்பாடு என்ன பாடு படுத்துகிறது என்பதை என் அனுபவத்தைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

துறைமுகத்தை நம்பி இயங்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் ஐந்து ஆண்டுகளாகக் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நின்று வந்து சேரும் லாரிகளின் வருகையையும் புறப்பாட்டையும் பதிவு செய்து, கப்பல் முகவர்களுக்கு அறிக்கை அனுப்புவது என் வேலை. தரவுத் துறையின் பாதிப் பாடத்தை நான் அங்கேதான் கற்றேன். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கமுமாக 11 இடங்கள் கொண்டது. முதல் பத்து இடங்களுக்கும் உரிய மதிப்புகளை இடத்துக்கேற்ப இரண்டின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம் (மீதி 10 என்றால் 0). வாயிலில் இருப்பவர் அவசரத்தில் 3-ஐ 8 என்று எழுதிவிட்டாலும் பெரும்பாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். நெட்வொர்க் போன இரவுகளில் உள்ளே வந்த லாரிகளைக் காகிதத்தில் எழுதி மறுநாள் காலையில் ஏற்றுவோம். அதற்குள் வண்டி வெளியே போனது முதலில் பதிவாகியிருக்கும். நேர்காணல்களில் ‘தாமதமாக வரும் தரவை எப்படிக் கையாள்வீர்கள்’ என்று கேட்பது இதைத்தான்.

மூன்று மாதங்களுக்கு முன் எழுதிய தேர்வில் 90 நிமிடங்களுக்கு மூன்று கேள்விகள். முதல் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது: ஒரே பொருளுக்குப் பல பதிவுகள் இருக்கும் அட்டவணையில், ஒவ்வொன்றுக்கும் கடைசிப் பதிவை மட்டும் எடுக்க, தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுத வேண்டும். வரிசை எண் போடும் ‘ரோ நம்பர்’ கட்டளையைக் கொண்டு நேரத்தின் இறங்குவரிசையில் எண்ணிட்டு முதலாவதை எடுத்தால் போதும். இரண்டு பதிவுகளுக்கு ஒரே நேரம் இருந்தால் எது நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால், பதிவு எண்ணையும் வரிசையில் சேர்த்தேன்; அதைச் சேர்க்காமல், சமமானவற்றுக்கு ஒரே எண் தரும் ‘ரேங்க்’ போட்டிருந்தால் இரண்டுமே வந்து நின்றிருக்கும். இரண்டாவதையும் முடித்துவிட்டு, பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க் மென்பொருள் பற்றிய மூன்றாவது கேள்விக்கு விடை தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் இருப்பது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு (வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது, எங்கள் பேச்சில் இன்னும் மாறவில்லை). என் நாற்காலிக்குப் பின்னால்தான் குடங்களை அடுக்கி வைத்திருக்கிறோம். தேர்வுக்குத் தொல்லை ஆகக் கூடாது என்று என் தாயார் உடம்பைப் பாதியாக மடித்துக் குனிந்தபடி வந்து, சத்தமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துச் சென்றார். நிமிர்ந்து நடந்திருந்தால்கூட இவ்வளவு சந்தேகம் வந்திருக்காதோ என்னவோ. ‘அறையில் வேறொரு நபர்’ என்று திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து, விதிமீறல் காரணமாக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக மின்னஞ்சல். விளக்கி எழுதிய பதிலுக்கு இன்றுவரை மறுமொழி இல்லை.

ஆள்மாறாட்டம் நடக்கிறது, பக்கத்துத் திரையில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு விடை எழுதுகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மென்பொருள் சந்தேகப்பட்ட அந்தச் சில நொடிக் காட்சியை, நிராகரிக்கும் முன் ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒரு முதியவளையும் குடத்தையும் பார்த்து விதிமீறல் என்று எந்த அதிகாரியும் எழுதமாட்டார். விரும்புகிறவர்கள் அலுவலகத்துக்கே வந்து தேர்வு எழுதவும் அனுமதிக்கலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை போடப்படும் மெட்ரோ பாதை முடியும்வரை மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போக எங்களுக்குப் பாதி நாள் போய்விடும் என்றாலும், அது எங்கள் பாடு.

மாநகராட்சியிடமும் ஒரு கோரிக்கை உண்டு. 2024 நவம்பரில் கொளத்தூரில், படிக்கவும் மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை செய்யவும் பொது இடமாக முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. அதுபோன்ற இடங்கள் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் அமைய வேண்டும்; அவற்றில் நேர்காணலுக்கென்றே, கதவை மூடிக்கொண்டு பேசக்கூடிய சிறு அறைகளை மணிக்கணக்கில் வாடகைக்குத் தர வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் இரண்டாம் சுற்றான ஆன்லைன் நேர்காணலில் வாய்விட்டு விடை சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் விரலை உதட்டில் வைத்துவிடுவார்.

அடுத்த வாரம் வேறொரு நிறுவனத்தின் தேர்வு இருக்கிறது. யார்டு மேலாளரிடம் சொல்லி எடை மேடை அறையை இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குக் கதவு உண்டு. வெளியே லாரிகளின் ஹாரனை அந்த மைக் யாருடைய குரலாக எடுத்துக்கொள்ளும் என்பதுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.